உன் நோட்டில் ஏற வேண்டிய ஒரு பெயர்

சார்லட், வட கரோலைனா

அன்புள்ள சிவராமனுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று அடுத்த கடிதத்திலாவது எழுது. ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறுதான். இன்று ஒருவரைப் பற்றி உன்னிடம் சொல்லியே தீர வேண்டும் என்பதால் உட்கார்ந்துவிட்டேன்.

புதிய வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் பொதுமக்களுக்கான கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. ஒன்பதே குழிகள். அதன் வாசல் பலகையில் சார்லஸ் சிஃபோர்ட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, யார் என்று தேடத் தொடங்கியவன் மூன்று வாரமாக அவரோடேயே வாழ்ந்துகொண்டிருக்கிறேன். கோல்ஃபா என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்ததும், விளையாட்டு வீரர்களின் வெற்றிக் கணக்கை நீ எழுதிவைக்கும் அந்தத் தடித்த நோட்டை எடுத்து வைத்துக்கொள். எத்தனை கோப்பை, அதை முதலில் சொல் என்பதுதானே விடுதி நாள்களிலிருந்து உன் கேள்வி? சொல்கிறேன்: அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃபின் முதன்மைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. சுற்றில் இரண்டு. இரண்டுதானா என்று நோட்டை மூடிவிடாதே. உன்னோடு எனக்கு இருக்கும் சண்டையே அந்த இரண்டைப் பற்றித்தான்.

அவர் 1922இல் இதே ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். சிறுவயதில் வெள்ளையர்களின் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக வேலை செய்து, நாளுக்கு 60 சென்ட் சம்பாதித்து, 50 சென்ட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதி பத்தில் சுருட்டு வாங்கிக்கொள்வாராம். அந்தச் சுருட்டு கடைசிவரை அவர் வாயை விட்டுப் போகவில்லை. 1948இல் அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது, தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பி.ஜி.ஏ.வின் விதிப் புத்தகத்தில், காகேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், மட்டுமே உறுப்பினராகலாம் என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். 1934இல் எழுதிய அந்த வரியை 1961 நவம்பரில்தான் நீக்கினார்கள். அப்போது சிஃபோர்டுக்கு 39 வயது.

ஒரு கோல்ஃப் ஆட்டக்காரருக்கு இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை என்ன வயது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் பாடகர் பில்லி எக்ஸ்டைனுக்கு கோல்ஃப் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். கறுப்பினத்தவருக்கென்றே நடந்த தேசிய நீக்ரோ ஓப்பனை ஆறு முறை வென்றார், அவற்றில் ஐந்து தொடர்ச்சியானவை. உன் நோட்டில் இவற்றுக்கு எந்தப் பத்தியில் இடம் வைத்திருக்கிறாய்? 1957இல் லாங் பீச்சில் வெள்ளையரும் ஆடிய போட்டியில் முதலாவதாக வந்தார். அது வழக்கமான 72 குழிகள் இல்லாத, 54 குழிப் போட்டி என்பதால் அதிகாரபூர்வக் கணக்கில் அதுவும் சேரவில்லை.

1952இல் ஃபீனிக்ஸில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சிஃபோர்ட், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் உள்ளிட்ட கறுப்பினத்தவரை மட்டும் ஒரே குழுவாகச் சேர்த்து அனுப்பினார்கள். முதல் குழியை அவர்கள் நெருங்கியபோது அதற்குள் மனித மலம் கிடந்தது. குழியை மாற்றும் வரை காத்திருந்துவிட்டு, அவர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1961இல், இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிரீன்ஸ்பரோவில் நடந்த போட்டியில், முதல் நாள் சிஃபோர்ட்தான் முன்னிலை. அன்றிரவு தொலைபேசியில் மிரட்டல் வந்தது. மறுநாள் ஒரு கூட்டம் குழிக்குக் குழி பின்தொடர்ந்து, அவர் பந்தை அடிக்கும் நேரம் பார்த்துக் கத்தியது. அந்தப் போட்டியை அவர் நான்காவது இடத்தில் முடித்தார், சிவராமா. அந்த நான்காம் இடத்துக்கு எத்தனை கோப்பைகள் ஈடாகும் என்று நீயே சொல்.

வெள்ளையர் மட்டும் என்ற அந்த விதி தானாக மனம் இளகி விலகவில்லை. கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஸ்டான்லி மாஸ்க், இந்த விதி இருக்கும்வரை எங்கள் மாநிலத்தின் பொது மைதானங்களில் உங்களுக்கு இடமில்லை என்று கிடுக்கிப்பிடி போட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் நடக்க வேண்டிய 1962 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைச் சங்கம் பென்சில்வேனியாவுக்கே தூக்கிக்கொண்டு போயிற்று. விதியை விட மனம் வருவதற்கு முன்பு ஊரை மாற்றத்தான் அவர்களுக்குத் தோன்றியது.

இனி அந்த இரண்டு. 1967இல் ஹார்ட்ஃபோர்டில், 45 வயதில், கடைசி நாள் 64 அடிகளில் முடித்து (கோல்ஃபில் அடி குறைந்தால்தான் வெற்றி) ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். 1969இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பனில் முதல் நாளே 63 அடிகளில் முடித்துவிட்டு, இறுதியில் தென்னாப்பிரிக்காவின் ஹரால்ட் ஹென்னிங்கோடு சமநிலையாகி, கூடுதல் ஆட்டத்தின் முதல் குழியிலேயே பர்டி, அதாவது குழிக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக, போட்டு முடித்தார். அப்போது வயது 46.

கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான, அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸுக்கு மட்டும் அவர் ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை. பி.ஜி.ஏ. சுற்றில் ஒரு போட்டியை வென்றாலே அங்கே இடம் உண்டு என்ற விதி 1972இல்தான் வந்தது. அதன் வழியாக 1975இல் லீ எல்டர் மாஸ்டர்ஸில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். சிஃபோர்டின் வெற்றிகளோ அந்த விதிக்கு முந்தியவை. இரவில் இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. 2004இல் கோல்ஃப் புகழரங்கில் சேர்த்தார்கள். 2014 நவம்பரில் ஒபாமா தம் கையால் அதிபரின் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். இரண்டு மாதம் கழித்து, 92 வயதில், அவர் இறந்துபோனார். டைகர் உட்ஸ் தம் மகனுக்கு சார்லி என்று பெயர் வைத்தது இவரை நினைத்துத்தான்.

நேற்று மாலை அந்த மைதானத்துக்கு மறுபடி போயிருந்தேன். ஒரு கறுப்பினச் சிறுவன் தன் தாத்தாவோடு மூன்றாவது குழியில் நின்று, மட்டையைப் பிடிக்கும் விதம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தான். இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் உன் நோட்டில் அவர் பெயரை எழுதி, வெற்றிகள் 2 என்று குறித்துக்கொள். பக்கத்தில் கோடு கிழித்து ஒரு புதுப் பத்தி போட்டு, வயது 45, 46 என்றும் எழுது. நான் வந்து பார்ப்பேன்.

என்றும் அன்புடன்,
ராகவன்