ஊராட்சித் திடல்களுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுக்கு அரசு ஒதுக்கும் பணத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அரங்கம், போட்டி, பரிசுத்தொகை என்றே பேசி முடித்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அங்குள்ள திடலையும் பந்தையும் ஆண்டு முழுவதும் பயன்படும் நிலையில் வைத்திருக்க மாநில வரவு செலவுத் திட்டத்தில் தனி நிதித் தலைப்பு வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

2020-இல் வந்த அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் ஊராட்சிதோறும் குழு அமைத்து, கபடி, வாலிபால் ஆடுகளங்கள் போடச் சொன்னது. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் 33 வகைப் பொருள்களை ஊராட்சிகளுக்குக் கொடுத்தது. இரண்டும் நல்ல திட்டங்கள். கிராமத்துப் பிள்ளைக்குப் பந்து வாங்கித் தருவது அரசின் வேலைதான் என்பதை இரண்டு ஆட்சிகளும் ஏற்றுக்கொண்டன. ஆனால் பந்து தேயும், வலை அறும். அடுத்த பந்தை யார் வாங்குவது என்பதற்குத்தான் ஊரில் யாரிடமும் பதில் இல்லை.

பந்து கெடுவதற்குப் பெரும்பாலும் ஆட்டம் காரணமில்லை. வாலிபாலுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரை காற்றழுத்தம் போதும், அதாவது 4.3 முதல் 4.6 பி.எஸ்.ஐ. பம்ப் இல்லாத ஊரில் பிள்ளைகள் பந்தைப் பங்க்சர் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். வண்டி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் பிடித்தால் தையல் பிரிந்து பந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும். காற்றடிக்கும் ஊசியைக் காய்ந்தபடியே குத்துவது அடுத்த கேடு. வால்வின் ரப்பர் கிழிந்து, மறுநாளே காற்று இறங்கிவிடும். ஊசி முனையில் ஒரு சொட்டு கிளிசரின் தடவிச் செருகினால் அந்தக் கிழிசலே வராது. கைப்பம்ப் ஒன்று, அழுத்தமானி ஒன்று, ஊசி பத்து, கிளிசரின் ஒரு சிறு புட்டி: இவற்றை ஆண்டுதோறும் வாங்கிக் கொடுத்தாலே பந்துச் செலவு வெகுவாகக் குறையும். திடலைச் சுற்றியுள்ள சீமைக் கருவேல முள்ளையும் சொல்லியாக வேண்டும். கால்பந்தைக் குத்திக் கெடுப்பதில் அதற்கு இணை இல்லை. வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும்.

உபகரணங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கின்றன என்ற குறை பல ஊர்களில் கேட்கிறது. செயலரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பொருள் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பிள்ளைகள் ஆடுவதோ மாலை ஐந்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்; அலுவலகம் அந்நேரம் மூடியிருக்கும். திடலருகே இரும்புப் பெட்டி ஒன்று, இரண்டு சாவி, கிராம சபையில் பெயர் படித்துப் பொறுப்பேற்ற இரண்டு பேர் (ஒருவர் கட்டாயம் பெண்), எடுத்தவர் பெயரும் திருப்பிய தேதியும் எழுத ஒரு பதிவேடு. தேய்ந்த பொருளைக் கழிக்கவும் விதி எழுதித் தர வேண்டும். ஓராண்டு ஆடிய பந்து கிழிவது இயல்பு. அதற்கு யாரும் விளக்கம் எழுதும் நிலை இருக்கக்கூடாது.

திடலைச் சமன்படுத்தும் பணியில்தான் பணம் அதிகம் வீணாகிறது. சாலைக்குப் போடும் கிராவலைக் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டால் பார்க்க மட்டமாக இருக்கும். அதில் விழுந்து எழுபவரின் முழங்காலைப் பார்த்தால் தெரியும். கபடிக் களத்துக்கு ஒரு அடி ஆழம் வெட்டி, கல் சலித்தெடுத்து, செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்ப வேண்டும். களத்தின் அளவு ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 மீட்டர். முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து, மறுநாள் ஆட்டத்துக்கு முன் மேல்மண்ணைக் கிளறிவிட வேண்டும். இறுகிய தரையில் கணுக்காலும் தோளும் அடிபடும். பெரிய திடலானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நூறு அடிக்கு ஓரடி வாட்டம் விட்டு, ஓரத்தில் வடிகால் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீர் தை வரை நிற்கும். ரோலர் ஓட்ட ஏற்ற நேரம் மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான். சித்திரையில் காய்ந்த மண்மேல் உருட்டினால் டீசல்தான் செலவாகும். கோடு போடச் சுட்ட சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கல்மாவு போதும்.

கம்பங்களிலும் ஒரு குறை உண்டு. வாலிபால் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். 2.43-இல் மட்டும் கொக்கி பற்றவைத்துவிட்டால், பெண் பிள்ளைகள் வலையைத் தளர்த்தித் தொங்கவிட்டு ஆட வேண்டியிருக்கிறது. நடுவில் தொய்ந்த வலையில் யாரும் அடித்துப் பழக முடியாது. கம்பம் வார்க்கும்போதே இரண்டு உயரத்திலும் துளை போடச் சொன்னால் கூடுதல் செலவு ஏதுமில்லை. கால்பந்துக் கோல் கம்பங்கள் தரையில் ஊன்றப்பட்டிருக்க வேண்டும். பிடிமானமில்லாத இரும்புக் கோல் சாய்ந்தால் உயிரே போகும்.

இனி, இதெல்லாம் யார் பொறுப்பு? விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். பொருள் கொடுப்பது விளையாட்டுத் துறை, திடல் ஊரக வளர்ச்சித் துறையின் கையில், நிலம் வருவாய்த் துறையின் பதிவேட்டில். பள்ளித் திடலானால் கல்வித் துறையும் சேர்ந்துகொள்ளும். அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று பெயர் சொல்லியே பொறுப்பு கொடுக்கிறது. ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையின் 29 இனங்களில் விளையாட்டு என்ற சொல் இல்லை. ஆனால் கடைசி இனம் சமுதாயச் சொத்துகளைப் பராமரிப்பது. திடல் அதில் அடங்கும் என்று ஓர் அரசாணை தெளிவுபடுத்தினால், மதிப்பீடு போடத் தயங்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அது போதுமான பிடி.

மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் மானியத்தை மட்டும் நம்பினால் இது நடக்காது. 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டியிருந்தது. எஞ்சியதிலும் சம்பளச் செலவு செய்யக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே சாவி வைத்திருப்பவருக்கான மதிப்பூதியம் மாநிலத்திடமிருந்துதான் வர வேண்டும்.

ஊராட்சிக்கு ஆண்டுக்கு ₹25,000 கேட்கிறோம். இதில் பொறுப்பாளர் இருவருக்கும் சேர்த்து மாதம் ₹1,000 வீதம் ₹12,000. மீதி ₹13,000 பந்து, வலை, மண், முள் அகற்றும் கூலி, கல்மாவு ஆகியவற்றுக்கு. மாநிலம் முழுவதற்கும் மொத்தம் ஏறத்தாழ ₹31 கோடி. ஒரு சிறு விளையாட்டரங்கத்துக்கு ₹3 கோடி என்ற கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ பத்து அரங்கங்களின் செலவு. அரங்கம் கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கட்டும் ஒவ்வோர் அரங்கத்துக்கும் கூட இதே பராமரிப்புத் தலைப்பு தேவைப்படும். மின்விளக்குச் செலவைக் கண்டும் அஞ்ச வேண்டாம். ஒரு வாலிபால் களத்துக்கு 200 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, மாலை இரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 48 யூனிட். பெண் பிள்ளைகள் இருட்டியபின் அச்சமின்றித் திடலில் நிற்பதற்கு அந்த 48 யூனிட்டை ஊராட்சியின் தெருவிளக்குக் கணக்கில் சேர்க்கலாம்.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. திடல் எந்தப் புறம்போக்கு வகையில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை (ஊரின் நிலங்களை வகைவாரியாகக் குறிக்கும் பதிவேடு) பார்த்துக்கொள்ள வேண்டும். நத்தம் அல்லது தரிசு என்றிருந்தால், விளையாட்டுத் திடல் என வகை மாற்றக் கோரி கிராம சபையில் தீர்மானம் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். செய்யாவிட்டால் நாளை அங்கே தண்ணீர்த் தொட்டியோ கட்டடமோ வரும். கேட்க ஆதாரம் இருக்காது. ஏரிப் புறம்போக்கைத் திடலுக்குக் கேட்கக்கூடாது, அது நீருக்கான இடம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, மே 1 கூட்டங்களிலேயே இந்தத் தீர்மானத்தையும் பொறுப்பாளர் பெயர்களையும் பதிந்துவிட்டால், நிதி வரும்போது பெறத் தயாராக இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்