நாலு மணி நேரக் கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு நீங்களும் அம்மாவும் நலம்தானே?

"கம்ப்யூட்டரில் கப்பல் விடுகிறாயாமே" என்று போனில் கிண்டல் செய்தீர்கள். நிஜமாகவே அதுதான் என் வேலை. கச்சா எண்ணெய் ஏற்றுமதி முனையம் எவ்வளவு தாங்கும் என்று திரையில் கப்பல் விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு மிதவை தெரியும். கரைக்கு வர முடியாத ராட்சதக் கப்பல்கள் அதில் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும். காற்று திரும்பினால் கப்பலும் மிதவையைச் சுற்றித் திரும்பும். ஒவ்வொன்றும் 330 மீட்டர் நீளம், 20 லட்சம் பீப்பாய் பிடிக்கும்.

டெப்போவில் டைம் கீப்பராக இருந்தபோது சொல்வீர்களே, "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பது போர்டில்தான், ரோட்டில் அரை மணிக்கு மூணு சேர்ந்து வரும்" என்று. கடலிலும் அதே கதைதான். அதனால்தான் சராசரியை நம்பாமல் ஒரே வருஷத்தை நூறு தடவை ஓட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் காற்று வேறு, கப்பல் வரும் நேரம் வேறு. மேலே இருப்பவர்களுக்கோ ஒரே ஒரு எண் வேண்டும். அதுதான் தலைவலி.

போன மாதம் நன்றாக அசடு வழிந்தேன். என் மாடலில், எண்ணெய் நிரம்பியதும் கப்பல் கிளம்பிவிடும். மிதவையில் கட்டியதிலிருந்து 36 மணி நேரம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் பாஷை எனக்கு அரைகுறை, என் பாஷை அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. என் திரையைப் பார்த்தார், ஜன்னலைக் காட்டினார். திரையில் அடுத்த கப்பல் வந்து கட்டிவிட்டது. கடலில் பழைய கப்பல் அசையாமல் நிற்கிறது. குழாயைக் கழற்ற வேண்டும், டேங்குகளை அளக்க வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், காகிதங்களில் கையெழுத்தாக வேண்டும். நாலு விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு மணி நேரம்.

இவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். உதாரணத்துக்கு, ஒரு நாளைக்கு 10 லட்சம் பீப்பாய் குழாயில் வருகிறது என்று வையுங்கள். காற்றடித்து மூன்று நாள் கப்பல் கட்ட முடியவில்லை. கரையில் 30 லட்சம் தேங்கிவிடும். கப்பலுக்கு 36 மணி என்றால் ஒரு நாளைக்கு 13.3 லட்சம் ஏற்றலாம். வருவது போக 3.3 லட்சம் கழியும், ஒன்பது நாளில் சரியாகிவிடும். 40 மணி என்றால் ஏற்றுவது 12 லட்சம்தான். கழிவது வெறும் 2 லட்சம். பதினைந்து நாள்! அதற்குள் இன்னொரு காற்று வந்தால், டேங்க் வழிந்துவிடாமல் இருக்க எண்ணெய்க் கிணற்றையே அடக்க வேண்டும். வெளியே நிற்கும் கப்பல்களுக்கு டெமரேஜ், அதாவது காக்க வைத்ததற்கான தாமதக் கட்டணம், வேறு ஏறும்.

மாடலைத் திருத்தி ஓட்டிவிட்டேன். இரண்டாவது மிதவை வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். என்ன சொல்வார்களோ தெரியாது.

அந்தப் பெரியவர் இப்போது தினமும் என் மேஜைப் பக்கம் வந்து திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது.

காலையிலிருந்து காற்று ஏறுகிறது. நேற்று நங்கூரத்தில் ஒரு கப்பல்தான் நின்றது, இன்று மூன்று. ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்