கடைசி பிட்டில் மாட்டிக்கொண்டாய்!

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்து சேர்ந்தன. ஒன்றில் மட்டும் செய்தி ஒளித்திருப்பதாகச் சவால் வேறு விட்டிருந்தாய். கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. புதுப் பார்வையோடு இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எந்தக் கண்ணுக்கும் பிடிபடாதுதான். ஒரு பிக்சலின், அதாவது படத்தின் ஒரு புள்ளியின், சிவப்பு அளவு 142 என்றாலும் 143 என்றாலும் நமக்கு ஒரே நிறம். அந்த எண்ணைக் கணினி 0, 1 என்ற பிட்டுகளாக எழுதும்போது வரும் கடைசி பிட்டில்தானே கைவைத்தாய்?

எந்த அளவு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணத் தொடங்கியதும் அகப்பட்டுக்கொண்டாய். சாதாரணப் புகைப்படத்தில் 142 வருகிற தடவைகளும் 143 வருகிற தடவைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. மறையாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிய செய்தியிலோ 0, 1 இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதைக் கடைசி பிட்டுகளில் வரிசையாக நிரப்பினால் அந்தச் சோடி சமமாகிவிடும். 144, 145 சோடியும் அப்படியே. உன் இரண்டாவது படத்தின் மேற்பகுதியில் சோடிகள் எல்லாம் தராசில் நிறுத்தவைபோல் நின்றன. கீழே வந்தால் வழக்கமான ஏற்றத்தாழ்வு. செய்தி எந்த இடத்தில் முடிகிறது என்பதுகூடத் தெரிந்துவிட்டது! வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மான் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் காட்டிக்கொடுத்த கை-வர்க்கச் சோதனை என்ற புள்ளியியல் சோதனை இது.

அடுத்த முறை பிக்சல்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்தெடுத்து நாலே வரி எழுது. இந்தச் சோதனை கைவிரித்துவிடும். (திருடனுக்கு நானே வழி சொல்கிறேன்.) படத்தைச் சுருக்கி அனுப்பும் செயலி மட்டும் வேண்டாம். ஜேபெக் (JPEG) என்ற சுருக்கிய வடிவமாக மாறும்போது உன் பிட்டுகள் சிதைந்துபோகும்.

இணையம் முழுக்க இப்படி ரகசியங்கள் ஒளிந்திருக்குமோ என்று கேட்டிருந்தாய். நீல்ஸ் புரோவோஸ், பீட்டர் ஹனிமன் என்ற ஆய்வாளர்கள் ஈபே என்ற இணைய ஏலத் தளத்திலிருந்து 20 லட்சம் படங்களை இறக்கிச் சலித்தார்கள். ஒளித்த செய்தியைத் தேடும் கருவி சந்தேகப்பட்ட படங்களில் அகராதிச் சொற்களைக் கடவுச்சொல்லாகப் போட்டும் பார்த்தார்கள். 2001-இல் அவர்கள் சொன்ன முடிவு: ஒரு செய்திகூட அகப்படவில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. நூற்றுக்கு ஒரு படத்தில் கருவி தவறினாலே, 20 லட்சத்தில் 20,000 படங்கள்மேல் வீண்பழி விழும். கருவி கைகாட்டியதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்பவர்களை நான் நம்புவதில்லை.

உன் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்கில்லை. செய்தி இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. சாவியை இப்போதே அனுப்பிவிடாதே, ஒரு வாரம் கொடு. பள்ளியில் உனக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரிலிருந்து தொடங்கப்போகிறேன்.

அன்புடன்,
ரகு