ஜனகராஜ் சாருக்கு, ஒரு ரசிகன் எழுதுவது

அன்புள்ள ஜனகராஜ் சார்,

வணக்கம். காமெடி நடிகர்களில் கவுண்டமணியைப் பற்றியும் வடிவேலுவைப் பற்றியும் எழுத ஊர்ப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் பேச்சு வந்தால் மட்டும், பொண்டாட்டி ஊருக்குப் போன சந்தோஷத்தில் நீங்கள் போட்ட கூச்சலைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் காட்சி வரும் அக்னி நட்சத்திரம் படம் வந்தது 1988-ல், இன்னும் அது மீமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சரி, நல்ல காட்சிதான், ஆனால் எனக்கு உங்களிடம் பிடித்தது வேறு.

நீங்கள் ஜோக் அடிப்பதில்லை சார். சிரிக்க வைக்கப் போகிறோம் என்கிற நினைப்பே உங்கள் முகத்தில் தெரியாது. அடுத்த வருஷம் வந்த அபூர்வ சகோதரர்கள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் தன்னை நிஜமாகவே பெரிய துப்பறியும் புலி என்று நம்புகிறார், கிரேசி மோகன் எழுதிக்கொடுத்த அசட்டுத்தனத்தையெல்லாம் நீங்கள் கொலை வழக்குக்கு உண்டான சீரியஸோடு பேசுகிறீர்கள், பக்கத்தில் கான்ஸ்டபிள் ஆர்.எஸ்.சிவாஜி "சார், நீங்க எங்கயோ போயிட்டீங்க" என்று உருகுகிறார். 2023-ல் அவர் காலமானபோது எல்லோரும் பகிர்ந்தது அந்த வசனத்தைத்தான். வசனம் அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் உங்கள் முகத்தை யாராவது கவனித்தார்களா? புகழ்ச்சி உள்ளே இறங்க இறங்க ஆள் கொஞ்சம் விறைப்பாகிறார், மேலதிகாரிக்கு உரிய அலட்சியத்தையும் விட்டுக்கொடுக்காமல், இன்னொரு தடவை சொல்ல மாட்டானா என்கிற ஆசையையும் மறைக்க முடியாமல் நிற்கிறார். பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. ஜால்ரா சத்தத்தை ரசிக்கிற அதிகாரி எல்லா ஆபீஸிலும் உண்டு என்பதால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பு வரும்.

அப்புறம் அந்தக் குரல். தொண்டை கட்டியது மாதிரி கரகரவென்று ஆரம்பித்து, வாக்கியம் முடிவதற்குள் கீச்சென்று மேலே ஏறிவிடும், அழுகிறீர்களா சிரிக்கிறீர்களா என்று ஒரு கணம் பிடிபடாது. படிக்காதவன் படத்தில் தங்கச்சியை நாய் கடித்துவிட்டது என்று நீங்கள் புலம்புவதில் ஜோக் என்று தனியாக ஒன்றுமே கிடையாது, எழுதிப் பார்த்தால் சாதாரணச் செய்தி. அந்த ஒப்பாரி ராகம்தான் ஜோக்.

இதே குரல் நாயகன் படத்தில் செல்வமாக வரும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லையே! கமலின் வேலு நாயக்கரோடு கூடவே இருந்து கூடவே நரைத்துப்போகிற சிநேகிதன். காமெடியன் குணச்சித்திரம் செய்கிறார் என்று பத்திரிகைகளில் வழக்கமாக எழுதுவார்களே, அந்தப் பேச்சே எனக்கு ஒப்பாது. நீங்கள் இரண்டு இடத்திலும் செய்தது ஒரே வேலைதான், அந்த ஆளை முழுசாக நம்பியது. 2018-ல் 96 படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளி வாட்ச்மேனாகக் கொஞ்ச நேரமே வந்தீர்கள், தியேட்டரில் உங்களைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் யாரோ விசிலடித்தார்கள், நான் திரும்பிப் பார்த்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரே ஒரு கேள்வி சார், எங்கேயாவது பேட்டியில் பதில் சொன்னாலும் போதும்: ஆர்.எஸ்.சிவாஜி அந்த "எங்கயோ போயிட்டீங்க" வசனத்தைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பூரிக்க வேண்டும் என்பது ஒத்திகையில் முடிவானதா, இல்லை கேமரா ஓடும்போது தானாக வந்ததா?

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்