ஆண்டறிக்கை: பல்லேடியம் அச்சும் நம் கையால் ஆன நெகட்டிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிக்கவிருப்பதால், புகைப்படங்களைப் பல்லேடியம் என்னும் உலோகத்தால் தாளில் அச்சிடச் சென்னையில் நாம் ஆண்டு முழுவதும் கூடிச் செய்த பணியை மட்டும் இவ்வறிக்கையில் பதிவு செய்கிறேன்.

இதற்கு முன்னோடியான, பிளாட்டின உலோகத்தால் புகைப்படம் பதிக்கும் பிளாட்டினம் அச்சுமுறைக்கு வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்றது 1873இல். முதல் உலகப் போரின்போது பிளாட்டினம் கிடைப்பது அரிதானதால் பல்லேடியம் அதன் இடத்துக்கு வந்தது. ஃபெரிக் ஆக்சலேட்டும் பல்லேடிய உப்பும் கலந்து தாளில் பூசும் இக்கலவை புற ஊதா ஒளிக்கே, அதுவும் மெதுவாகவே இணங்குவதால், என்லார்ஜரில் வைத்துப் படத்தைப் பெரிதாக்க வழியில்லை. அச்சு எந்த அளவோ அந்த அளவில் நெகட்டிவ் வேண்டும். பெரிய ஃபிலிம் கேமரா நம்மில் பலருக்கு எட்டாத பொருள் என்பதாலேயே, ஒளி ஊடுருவும் ஃபிலிமில் இங்க்ஜெட் பிரிண்டரால் நெகட்டிவ் அடிக்கும் முறையைக் கையில் எடுத்தோம்.

முதல் சில மாதங்கள் பிறர் தயாரித்த கர்வ்களை, அதாவது படத்தின் ஒவ்வொரு சாயலுக்கும் நெகட்டிவில் எவ்வளவு மை விழ வேண்டும் என்று வகுக்கும் வளைகோடுகளை, அப்படியே பயன்படுத்தினோம். நிழற்பகுதிகள் ஒன்றாகக் கரைந்தன. வெண்பகுதிகளில் சாம்பல் படிந்தது. வேறொருவரின் மை, விளக்கு, தாள் ஆகியவற்றுக்காகக் கணித்த கர்வ் நமக்குப் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொண்டு தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். வெற்று ஃபிலிமின் அடியில் உள்ள பகுதியும் மூடப்படாத பகுதியும் வேறுபாடின்றி ஒரே கறுப்பாகும் மிகக் குறைந்த ஒளிகாட்டும் நேரத்தைக் கண்டறிந்து, அதையே எல்லா அச்சுகளுக்கும் நிலையாக வைத்தோம். அந்த நேரத்தில் தாளை வெண்மையாகவே காக்க நெகட்டிவில் எவ்வளவு மை தேவை என்பதை அடுத்துத் தேடினோம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் மை புற ஊதாவையும் அதே அளவுக்குத் தடுக்கும் என்று கொள்ள முடியாது. நம் பிரிண்டரில் பச்சை கலந்த மஞ்சள் நிறம், பார்வைக்கு வெளிறியிருந்தும், நன்றாகத் தடுத்தது. இவ்விரண்டும் உறுதியான பின்னரே, படிப்படியாகச் சாம்பல் ஏறும் அட்டவணையை அச்சிட்டு, ஸ்கேன் செய்து, நமக்கான கர்வை வரைந்தோம். படக் கோப்புகளை, சாயல்களை மிக நுணுக்கமாகப் பிரிக்கும் 16 பிட்டில் வைத்திருந்ததால் வானத்தில் படிக்கட்டுபோல் விழுந்த பட்டைகள் மறைந்தன.

ஈரப்பதம்தான் நம்மை அதிகம் சோதித்தது. பூச்சு பூசிய தாளில் ஓரளவு ஈரம் இருந்தால்தான் கறுப்பு ஆழமாகும். குளிர்சாதன அறையில் முற்றிலும் உலர்ந்த தாள் வெளிறிய அச்சையே தந்தது. மாறாக, ஐப்பசி மழை நாட்களில் நெகட்டிவின் மை சரியாக உலராமல் தாளில் ஒட்டிக்கொண்டு, ஓர் உறுப்பினர் மூன்று நாள் உழைத்துத் தயாரித்த கோயில் குளத்துப் படத்தைப் பாழாக்கியது. அதன்பின் நெகட்டிவை ஓர் இரவு உலரவைக்கிறோம். தாளுக்கும் நெகட்டிவுக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் தாளையும் வைக்கிறோம். பல்லேடியத்தின் விலையை நினைத்தால், இந்தப் பொறுமை பெரிய செலவன்று.

சுண்ணாம்புச் சத்துள்ள பருத்தித் தாள்களை அச்சத்து நீங்க ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைத்துப் பயன்படுத்தும் முறையும் சோதிக்கப்பட்டது; பலன் தாளுக்குத் தாள் மாறுகிறது. மிக வெளிர்ந்த வானங்களில் மைப்புள்ளிகள் மணல்போலத் தெரியும் குறை இன்னும் தீரவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனெனில் நம் சிறந்த அச்சுகளிலும் அது இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கவும், அச்சு எடுக்கும் ஒவ்வொருவரும் தாளின் பெயர், பூச்சுக் கலவையின் சொட்டுகளின் எண்ணிக்கை, ஒளிகாட்டிய நேரம், அறையின் ஈரப்பதம் ஆகியவற்றைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கவும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்