பெலே முதல் மெஸ்ஸி வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லயனல் மெஸ்ஸி 2023இல் இன்டர் மயாமி அணியில் சேர்ந்தது முதல், அமெரிக்காவில் கால்பந்து வேரூன்றிவிட்டது என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. 1975இல் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தபோதும் இப்படித்தான் பேசினார்கள். 1977 ஆகஸ்டில் ஜயன்ட்ஸ் அரங்கில் ஒரே ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டார்கள். ஆனால் அதே ஆண்டு அவர் ஓய்வுபெற, மறு ஆண்டே 24 அணிகளாக விரிந்த, காஸ்மாஸ் ஆடிய வட அமெரிக்கக் கால்பந்து லீக் 1984ஆம் ஆண்டுப் போட்டிகளோடு இழுத்து மூடப்பட்டது. திரண்டவர்களில் பலர் பெலேயைப் பார்க்க வந்தார்களே தவிர, கால்பந்தைப் பார்க்க வரவில்லை என்றே கருதுகிறேன்.

நிலைத்த ரசிகர்கள் உருவாகும் விதமே வேறு. போர்ட்லண்ட் டிம்பர்ஸ் அணி கோல் போட்டதும், அரங்கில் வைத்திருக்கும் பெரிய மரத்தடியிலிருந்து இயந்திர ரம்பத்தால் ஒரு வட்டத் துண்டை அறுத்தெடுத்து, ஆட்டம் முடிந்தபின் கோல் போட்டவரிடமே கொடுக்கிறார்கள். மரத்தொழிலால் வளர்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கொண்டாட்டம் ஏது? ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் க்ரூ அணியை டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குக் கொண்டுபோக அதன் உரிமையாளர் 2017இல் முனைந்தபோது வீதிக்கு வந்து போராடியவர்களும் உள்ளூர் ரசிகர்களே.

நட்சத்திரங்களால் பயனே இல்லை என்பதல்ல என் வாதம். 2007இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸிக்கு வந்த பெக்காம், சலுகை விலையில் ஓர் அணியைத் தொடங்கும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே பெற்றுக்கொண்டார் (மனிதர் கெட்டிக்காரர்தான்). அப்படிப் பிறந்ததுதான் இன்டர் மயாமி. மெஸ்ஸி வரும் நாளில் டிக்கெட் விலையை ஏற்றும் கழகங்கள், அந்த வருவாயில் ஒரு பங்கை, கட்டணம் கட்ட முடியாமல் பயிற்சியைக் கைவிடும் சிறுவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்