பார்க்க விட்டார்களா என்று கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், இணைய ஏலத்தில் பழைய கார் வாங்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். "வாங்குபவர் அவசரப்படாவிட்டால் ஏலத்தில் ஏமாற இடமே இல்லை" என்று அதில் ஒரு வரி. மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்ப நாங்கள் அவசரப்பட்டுப் போட்டமா?" என்று கேட்டுவிட்டு அவர் குசினிக்குப் போய்விட்டார்.

நாங்கள் அவசரப்படவில்லை ஐயா. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை பொறுத்திருந்தோம். திறந்த பிறகு வரியோடு சேர்த்து விலையைக் கேட்டதும், அது ஓய்வூதியக்காரருக்கு எட்டாது என்று விளங்கியது. முழங்கால் ஏலாத மனைவியை கிளினிக்குக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்கியே ஒரு வருடம் போனது. அப்புறம்தான், தவணை கட்டாமல் பறிமுதலான வாகனங்களை லீசிங் கம்பனி ஒன்று இணையத்தில் ஏலம் விடுவதை மகள் காட்டினாள். 2014ஆம் ஆண்டு சுசுகி வேகன் ஆர் கார் ஒன்று. 14 படங்கள். எல்லாம் கழுவித் துடைத்து எடுத்தவை.

பார்க்கப் போனோம், ஒரு நாளல்ல, இரண்டு நாள். பார்வை நேரம் வார நாளில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மட்டும். பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். பதிவு செய்தவருக்கு மட்டும்தான் அனுமதி என்று அவரை வாசலில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்ற அந்த மனிதரிடம் இன்றைக்கும் எனக்கு வெட்கம். உள்ளே வாகனங்களை ஒட்டி ஒட்டி நிறுத்தியிருந்தபடியால் கதவு பாதிதான் திறந்தது. பெட்டரி இறங்கிப்போய் இருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண அனுமதி இல்லை. அடுத்த நாள் போனபோதும் இதே கதைதான். நான் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். பாதி திறந்த கதவுக்குள்ளால் எதைப் பார்ப்பது?

நிபந்தனைகள் 11 பக்கம். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன, தமிழில் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். தனியார் கம்பனிக்கு அது பொருந்தாது என்று யாராவது சொல்லலாம். ஆனால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கும் தமிழரின் பணம் அவர்களுக்குப் பொருந்துகிறது. இருக்கும் நிலையில், இருக்கும் இடத்தில் விற்பனை, பின்னர் முறைப்பாடு ஏற்கப்படாது என்ற வரி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. மகள்தான் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ஏலம் 41 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவுக்கு எங்களுக்கு விழுந்தது. ஐந்து நாளுக்குள் மிச்சத்தைக் கட்டாவிட்டால் வைப்புப் பணம் போய்விடும். இந்த வியாபாரத்தில் அவசரம் என்று ஏதும் இருந்தால் அது அவர்கள் வைத்த அவசரம்.

மூன்றாம் கிழமை ஏசி போட்டால் சேற்று மணம் வரத் தொடங்கியது. மெக்கானிக் முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழம் முழுவதும் தேயிலைச் சாய நிறம், குறுக்கே ஒரு கோடு. தண்ணீர் நின்ற மட்டம் அதுதான் என்றார். சீட்டைக் கழற்றி கம்பளத்தைத் தூக்கினால் மாவு போல மெல்லிய சேறு காய்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையின் தலைமயிர்க் கிளிப், மஞ்சள் நிறம். யாருடைய பிள்ளையோ. வெள்ளத்தில் காரும் கெட்டு, தவணையும் கட்ட முடியாமல் போன ஒரு குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த கிளிப்பை எறிய மனம் வரவில்லை.

இந்த வாகனத்தில் லித்தியம் பெட்டரி இருப்பது முன் இருக்கைக்கு அடியில். தண்ணீர் முதலில் போகும் இடம் அது. அதற்கும் வயரிங்குக்கும் இதுவரை நான் கொடுத்ததை இங்கே எழுத விருப்பமில்லை.

உங்கள் கட்டுரையாளர், ஜப்பானில் ஏலத்துக்கு வரும் காரைச் சோதித்து அதன் நிலையை எழுதும் ஏலத்தாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். தரம் நான்கரை என்றால் என்ன, ஆர் என்றால் விபத்தில் பட்டுத் திருத்தியது, செசி இலக்கத்தை வைத்து மீட்டர் திருப்பியதைக் கண்டுபிடிக்கலாம் என்றெல்லாம். நல்ல விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாள் சொல்வது ஜப்பானில் ஏலம் போன அன்றைய நிலையை மட்டும்தான். அதற்குப் பிறகு பத்து வருடம் இந்த ஊரில் ஓடியதை எந்தத் தாள் சொல்லும்? 2024இல் ஜூனிலும் ஒக்டோபரிலும் களனி கங்கை பெருகி கொலன்னாவ, கடுவெலப் பக்கம் தண்ணீர் நின்றதைப் பற்றி உங்கள் பத்திரிகையே முன்பக்கத்தில் படம் போட்டது. அந்தத் தண்ணீரில் நின்ற வாகனங்கள் எங்கே போயின என்று யாரும் எழுதவில்லை. 2016 வெள்ளத்துக்குப் பிறகு இதையே கேட்டு நான் எழுதிய கடிதம் பாதி வெட்டுப்பட்டு வந்தது. வெட்டிய பாதியில்தான் இந்தக் கேள்வி இருந்தது.

இப்போது டித்வா புயலும் வந்து போய்விட்டது. அந்த வெள்ளத்தில் நின்ற வாகனங்களும் கழுவித் துடைத்து படமெடுத்து ஏலத்துக்கு வரும். அவற்றை வாங்கப் போகிறவர்கள் என்னைப் போல வீட்டில் ஒரு வயதானவரோ நோயாளியோ இருப்பவர்கள். பார்க்க விடாமல் விற்றுவிட்டு, பார்க்காமல் வாங்கினாய் என்று அவர்களையும் குற்றம் சொல்லப் போகிறீர்களா?

நான் கேட்பது சிறிய விஷயம். ஏல விளம்பரங்களை வாரா வாரம் நீங்கள் போடுகிறீர்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்: எந்த நாள் பார்க்கலாம், மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாமா, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணலாமா. அந்த வரி இல்லாத விளம்பரத்தை வாங்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கச் சொல்லி அந்தப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் போடலாம். கட்டுரையில் அதைத் தேடினேன், இல்லை.

இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் வேறு எதையும் வெட்டுங்கள். மெக்கானிக் வாசலில் நின்றதை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு 13